சூரியப் புள்ளிகளும் ஹாம் வானொலியும்: ஒரு நூற்றாண்டுக் கதை

1924-ஆம் ஆண்டு அக்டோபர் 18. லண்டனில் மில் ஹில் பள்ளி மாணவன் செசில் கோய்டர், பள்ளியில் இருந்த சிறிய வானொலி நிலையத்தில் உட்கார்ந்து மோர்ஸ் சாவியைத் தட்டிக் கொண்டிருந்தான். வயது பதினெட்டு. பூமியின் மறுபக்கத்தில், நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் இருந்த ஓர் ஆட்டுப் பண்ணையில், ஃபிராங்க் பெல் என்பவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். இருவருக்கும் இடையே 18,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். கம்பி கிடையாது, கடலடிக் கேபிள் கிடையாது. ஆனாலும் 'டிட்... டா...' என்ற அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது. இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நடந்த முதல் இருவழி வானொலி உரையாடல் அதுதான்.

உலகம் வியந்தது. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து ராட்சத நிலையங்களைக் கட்டிக் கொண்டிருந்த காலத்தில், ஒரு பள்ளி மாணவனும் ஒரு பண்ணைக்காரரும் இதைச் சாதித்தது எப்படி? திறமையும் விடாமுயற்சியும் பாதிக் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அது சூரியன்.

பயனில்லை என்று தள்ளிவிடப்பட்ட அலைகள்

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பப்பட்ட 'எஸ்' என்ற எழுத்தை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். தூரம் சுமார் 3,400 கி.மீ. அன்றிலிருந்து எல்லோர் மனதிலும் ஓர் எண்ணம் ஊறிவிட்டது. தூரம் போக வேண்டுமானால் அலைநீளம் அதிகமாக இருக்க வேண்டும், சக்தியும் அதிகமாக இருக்க வேண்டும். அதனால் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்தில், பிரம்மாண்டமான ஏரியல்களோடு நிலையங்கள் எழுந்தன.

இந்த நிலையில் அமெச்சூர்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் அரசுகளுக்குத் தொல்லையாகத் தெரிந்தார்கள். கடற்படைச் செய்திகளுக்குக் குறுக்கே வருகிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. 1912-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் மட்டுமே பயன்படுத்தலாம் என்றது அந்தச் சட்டம். அந்த அலைகள் எதற்கும் உதவாதவை என்பது அன்றைய நிபுணர்களின் கருத்து. கொடுத்தாலும் நஷ்டமில்லை என்று கொடுத்தார்கள்.

தரிசு என்று ஒதுக்கிய நிலத்தில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே கேட்டார். அட்லாண்டிக்கைத் தாண்டி, கனெக்டிகட் மாநிலத்து அமெச்சூர் நிலையமான 1பிசிஜி அவருக்குத் தெளிவாகக் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் சுமார் 110 மீட்டரில் இருவழியாகவே பேசினார்கள். அடுத்த ஆண்டு கோய்டரும் பெல்லும். அலைநீளம் குறையக் குறைய தூரம் கூடியது! பாடப் புத்தகம் சொன்னதற்கு நேர் எதிர்.

வானத்தில் ஒரு கண்ணாடி

வானொலி அலை நேராகப் போகும். பூமியோ உருண்டை. அப்படியானால் அடிவானத்துக்கு அப்பால் அலை எப்படிப் போகிறது? மேலே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும், அது அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று 1902-ல் அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தார்கள். 1924-ன் இறுதியில் எட்வர்ட் ஆப்பிள்டன், மைல்ஸ் பார்னெட் இருவரும் போர்ன்மத் பி.பி.சி. நிலையத்தின் அலைகளைக் கொண்டு அந்த அடுக்கு உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபித்தார்கள். இதற்காக ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பகுதிதான் அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டலத்தின் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள்தான் அலையை வளைத்துக் கீழே அனுப்புகின்றன. இதில் மூன்று அடுக்குகள் முக்கியம்.

60 முதல் 90 கி.மீ. வரை உள்ளது டி அடுக்கு. இது பகலில் மட்டுமே இருக்கும். அலையைத் திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். அதிர்வெண் குறையக் குறைய இது விழுங்குவதும் அதிகம். அதற்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஈ அடுக்கு. அதற்கும் மேலே, 150 கிலோமீட்டரில் தொடங்கி 400 கி.மீ.க்கு மேலும் பரவியிருப்பது எஃப் அடுக்கு. கண்டம் விட்டுக் கண்டம் பேசும் ஹாம்களுக்கு இதுதான் தெய்வம். டி அடுக்கு காணாமல் போன இரவிலும் எஃப் அடுக்கு ஓரளவு உயிரோடு இருக்கும்.

ஆக, சூரியன் இரண்டு வேலை செய்கிறது. மேலே கண்ணாடியைப் பளபளப்பாக்குகிறது. கீழே அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு திரையையும் தொங்க விடுகிறது. எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் கண்ணாடி ஜெயிக்கும், எதில் திரை ஜெயிக்கும் என்பதுதான் சிற்றலையின் மொத்தக் கணக்கும்.

புள்ளிகளை எண்ணிய மருந்துக் கடைக்காரர்

சூரியன் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் இந்தக் கணக்கு எளிது. அது அப்படி இருப்பதில்லை என்பதை முதலில் கண்டவர் ஜெர்மனியின் டெசாவ் ஊரைச் சேர்ந்த ஹைன்ரிக் ஷ்வாபே. தொழிலால் மருந்துக் கடைக்காரர். புதனுக்கு உள்ளே இன்னொரு கிரகம் இருக்கிறதா என்று தேடுவதற்காக 1826 முதல் வெயில் அடிக்கும் நாளெல்லாம் சூரியனைப் பார்த்து, அதன் கரும்புள்ளிகளைக் குறித்து வைத்தார். கிரகம் அகப்படவில்லை. ஆனால் பதினேழு ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டியபோது, புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது. ருடால்ஃப் வுல்ஃப் பழைய பதிவுகளையும் சேர்த்து அதைச் சுமார் 11 ஆண்டு என்று திருத்தினார். 1755-ல் தொடங்கிய சுழற்சிக்கு எண் 1 கொடுத்து இன்று வரை எண்ணி வருகிறார்கள்.

இந்த 11 ஆண்டுக் கணக்கு வானியலோடு நிற்கவில்லை. பொருளாதாரம் படித்தவர்களுக்கு வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1870-களில் அவர், சூரியப் புள்ளிகள் விளைச்சலைப் பாதிக்கின்றன, விளைச்சல் வியாபாரத்தைப் பாதிக்கிறது, அதனால்தான் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வணிக நெருக்கடி வருகிறது என்று வாதிட்டார். இந்தியாவின் தானிய விலைகளைக்கூட ஆதாரமாகத் தேடினார். அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. சந்தை சூரியனுக்குக் கட்டுப்படவில்லை. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 11 ஆண்டுக்கு ஒருமுறை உண்மையிலேயே செழித்து, உண்மையிலேயே நொடித்துப் போகும் ஓர் உலகம் வந்தது. அதுதான் சிற்றலை.

கரும்புள்ளி என்பது உண்மையில் சூரியப் பரப்பில் காந்தப் புலம் மிகுந்த, கொஞ்சம் குளிர்ந்த இடம். 1908-ல் ஜார்ஜ் எல்லரி ஹேல் இந்தக் காந்தப் புலத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கப்படுகிறது. புள்ளி இருண்டது என்றாலும் அதைச் சுற்றியுள்ள பகுதி புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் அள்ளி வீசும். புள்ளிகள் அதிகம் என்றால் கதிர்கள் அதிகம், எஃப் அடுக்கில் எலக்ட்ரான்கள் அதிகம். அதனால் உயர்ந்த அதிர்வெண்களும் விண்வெளிக்குத் தப்பிப் போகாமல் பூமிக்குத் திரும்பும்.

ஏறும் சூரியன், மாறும் பட்டைகள்

இப்போது கோய்டரின் வெற்றியை மீண்டும் பார்க்கலாம். 1923 ஆகஸ்ட் வாக்கில் சூரியச் சுழற்சி அடிமட்டத்தில் இருந்தது. அதாவது திரை மெல்லியதாக இருந்த காலம். 100 மீட்டர் போன்ற அலைகள் அதிகம் விழுங்கப்படாமல் தப்பித்தன. அமெச்சூர்கள் அறியாமலே சரியான ஆண்டில் சரியான அலையைத் தொட்டிருந்தார்கள்.

பிறகு சூரியன் ஏறத் தொடங்கியது. ஹாம்களும் கூடவே ஏறினார்கள். 40 மீட்டர், பிறகு 20 மீட்டர். 1925-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் 20 மீட்டரில் பட்டப்பகலில் பேசிக்கொண்டன. 1927 வாஷிங்டன் மாநாட்டில் 160, 80, 40, 20, 10, 5 மீட்டர் பட்டைகள் அமெச்சூர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. 1928-ல் சூரியச் சுழற்சி உச்சத்தைத் தொட்டது.

இதற்குள் அரசுகளும் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. தாங்கள் தூக்கிக் கொடுத்த அலைகளுக்கே திரும்பி ஓடிவந்தன. 1927-ல் இந்தியாவும் இங்கிலாந்தும் சிற்றலைத் தந்தியால் இணைக்கப்பட்டன. மில் ஹில் பள்ளியின் அந்த மாணவன் என்ன ஆனான் தெரியுமா? 1936-ல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக டெல்லி வந்து சேர்ந்தார். பரந்த இந்தியாவுக்குச் சிற்றலைதான் சரி என்று டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் சிற்றலை நிலையங்கள் அமைந்தது அவர் காலத்தில்தான். 1938-ல் சென்னையில் ஒலித்த குரலுக்கும் 1924-ல் அந்தப் பள்ளி அறையில் ஒலித்த சத்தத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

திடீர் மௌனம்

சூரியன் கொடுப்பது மட்டுமல்ல, பறிக்கவும் செய்யும். 1930-களில் வானொலிக்காரர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையங்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போகும். பெட்டி கெட்டுவிட்டதோ, ஏரியல் அறுந்துவிட்டதோ என்று பலர் தேடுவார்கள். கால் மணி, அரை மணி கழித்து எல்லாம் தானாகத் திரும்பி வரும். 1935-ல் அமெரிக்காவின் ஜே. எச். டெலிஞ்சர், இது பூமியின் பகல் பக்கத்தில் மட்டுமே நடக்கிறது, சூரிய வெடிப்புகளோடு தொடர்புடையது என்று காட்டினார்.

நடப்பது இதுதான். சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் பூமியை அடைகின்றன. டி அடுக்கு திடீரென்று தடித்துவிடுகிறது. திரை இரும்புக் கதவாகிறது. தாழ்ந்த அதிர்வெண்கள் முதலில் மடியும், கடைசியில்தான் எழும்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் கிளாக்டன் ஊரைச் சேர்ந்த ஹைட்மேன் என்ற ஹாம், 10 மீட்டர் பட்டையில் 'உஸ்ஸ்' என்ற ஓர் இரைச்சலைக் கேட்டார். வானொலி மௌனமாகும் நேரங்களை ஒட்டி அது வந்தது. இந்த இரைச்சல் சூரியனிலிருந்தே வருகிறது என்று அவர் சந்தேகித்தார். விஞ்ஞானிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் செயலிழந்தபோது, ஜெர்மானியர்களின் வேலை என்றுதான் முதலில் பயந்தார்கள். ஜே. எஸ். ஹே ஆராய்ந்து பார்த்து, எதிரி ஜெர்மனி அல்ல, சூரியன் என்றார். ஒரு பொழுதுபோக்கு வானொலிக்காரர் காதால் கேட்டதை உலகம் ஒப்புக்கொள்ள ஒரு போர் தேவைப்பட்டது.

இன்னொரு வகைத் தாக்குதலும் உண்டு. வெடிப்போடு சேர்ந்து சில சமயம் சூரியன் மின்னூட்டம் பெற்ற வாயுக் கூட்டத்தை வெளியே எறிகிறது. அது பூமிக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் ஆகும். வந்து மோதினால் காந்தப் புயல். அப்போது எஃப் அடுக்கே குலைந்து போகிறது. எக்ஸ் கதிர் மௌனம் மணிக் கணக்கில் முடிந்துவிடும். காந்தப் புயலின் பாதிப்பு நாள் கணக்கில் நீளும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேரை 9 மணி நேரம் இருட்டில் தள்ளியது இப்படி ஒரு புயல்தான்.

எண்களாக மாறிய சூரியன்

'இன்று கண்டிஷன் எப்படி?' என்பது ஹாம்கள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மூன்று எண்கள் உதவுகின்றன. முதலாவது சூரியப் புள்ளி எண். இரண்டாவது 10.7 செ.மீ. அலைநீளத்தில் சூரியனிலிருந்து வரும் கதிர்வீச்சின் அளவு. போர் முடிந்தபின் மிஞ்சிய ரேடார் பாகங்களைக் கொண்டு கனடாவின் ஆர்தர் கோவிங்டன் இதை அளக்கத் தொடங்கினார். 1946 நவம்பர் 23 சூரிய கிரகணத்தின்போது நிலா ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தை மறைத்ததும் அளவு சட்டென்று இறங்கியது. புள்ளிப் பகுதிகளே இந்த அலைகளை அதிகம் வீசுகின்றன என்பது அப்போது உறுதியானது. சூரியன் தூங்கும் காலத்தில் இந்த எண் 70-ஐ ஒட்டி இருக்கும், உச்சத்தில் 200-ஐத் தாண்டும். மேகம் மறைத்தாலும் அளக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

மூன்றாவது, பூமியின் காந்தக் கொந்தளிப்பைச் சொல்லும் 'கே' எண். 0 முதல் 9 வரை. ஜெர்மனியின் யூலியஸ் பார்டெல்ஸ் தந்தது. முதல் இரண்டு எண்கள் உயர்ந்தும் இது தாழ்ந்தும் இருந்தால் ஹாம்களுக்குத் தீபாவளி.

உச்சமும் பள்ளமும்

அந்தத் தீபாவளி 1957-58-ல் வந்தது. 19-ஆம் எண் சுழற்சி, எண்ணத் தொடங்கியதிலிருந்து பதிவான எல்லாவற்றிலும் பெரியது. 10 மீட்டர் பட்டையில் சில வாட் சக்தியோடு, சாதாரணக் கம்பி ஏரியலைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து பேசினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளைப் பழைய ஹாம்கள் பேரன் பேத்திகளுக்குக் கதையாகச் சொன்னார்கள்.

பள்ளமும் வந்தது. 2008-ல் 266 நாட்கள் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. 10 மீட்டர் பட்டை மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது. அடுத்து வந்த 24-ஆம் சுழற்சியின் உச்சமும் நூறு ஆண்டுகளில் மிகப் பலவீனமானது. பலர் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினார்கள்.

சிலர் வேறு வழி தேடினார்கள். 1993-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஒரு ஹாம்தான். இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சமிக்ஞையைக் கணினியால் தோண்டி எடுக்கும் முறைகளை அவர் உருவாக்கினார். ஸ்டீவ் ஃபிராங்கேவுடன் சேர்ந்து 2017-ல் அவர் வெளியிட்ட எஃப்டி8 முறை உலகெங்கும் பரவியது. காதுக்குக் கேட்காத சமிக்ஞை கணினித் திரையில் எழுத்தாக வந்து விழுந்தது. சூரியன் கைவிட்டாலும் முழுக்கக் கைவிடப்படாத நிலை உருவானது.

புயலுக்கு மேல் ஒரு புயல்

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலைதானே என்று தோன்றலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று தற்செயலாகப் போர்ட் பிளேயரில் தங்கி இருந்தது. தொலைபேசிகள் அறுந்த அந்தத் தீவுகளில் இருந்து யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன தேவை என்ற செய்திகள் அவர்களுடைய சிற்றலைப் பெட்டிகள் வழியாகத்தான் முதலில் வெளியே போயின. எல்லாம் அறுந்த பிறகு மிஞ்சுவது ஹாம் வானொலி.

அதுவும் மிஞ்சாமல் போனால்? 2017 செப்டம்பர் 6 அன்று அதுதான் நடந்தது. இர்மா சூறாவளி அன்று அதிகாலை கரீபியன் கடலின் பார்புடா தீவைச் சிதைத்து, செயின்ட் மார்ட்டின் தீவை நோக்கிப் போனது. ஹாம்கள் புயல் கண்காணிப்பு வலையமைப்புகளில் 7, 14 மெகா ஹெர்ட்ஸ் பட்டைகளில் காத்திருந்தார்கள். செயின்ட் மார்ட்டினில் கூரைகள் பறந்துகொண்டிருந்த அதே காலையில், கிரீன்விச் நேரம் 12.02-க்குச் சூரியனில் எக்ஸ் 9.3 அளவிலான வெடிப்பு. அந்தச் சுழற்சியின் மிக வலிமையான வெடிப்பு அது. பகல் பக்கத்தில் இருந்த அட்லாண்டிக், கரீபியன் பகுதிகளில் சிற்றலை அடங்கிப் போனது. தென் அமெரிக்கக் கரையோரம் பறந்த ஒரு விமானத்தோடு சிற்றலைத் தொடர்பு ஏறத்தாழ 90 நிமிடம் அறுந்தது. கீழே காற்று, மேலே கதிர். நடுவில் உதவி கேட்கும் குரல். செப்டம்பர் 10 அன்று இன்னொரு பெரிய வெடிப்பு.

கவனிக்க வேண்டிய விஷயம், 2017 சூரிய உச்ச ஆண்டு அல்ல. அது இறங்கிக் கொண்டிருந்த காலம். சராசரியை நம்பலாம், ஒரு குறிப்பிட்ட நாளை நம்ப முடியாது என்பதை அந்த ஒரு வாரம் கற்றுக் கொடுத்தது.

2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆம் சுழற்சி, பலவீனமாகவே இருக்கும் என்ற கணிப்பைப் பொய்யாக்கி 2024 இறுதியில் உச்சத்தைத் தொட்டது. 2024 மே 10 அன்று வீசிய காந்தப் புயல் 2003-க்குப் பிறகு மிகக் கடுமையானது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. உலகமே அதைப் படம் எடுத்து மகிழ்ந்தபோது, ஹாம்கள் வெறும் இரைச்சலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்து சூரியனைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது.

ஷ்வாபே தொலைநோக்கியில் எண்ணியதை இன்று விண்கலங்கள் எண்ணுகின்றன. ஆனாலும் நாளைக் காலை 10 மீட்டர் பட்டை திறக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பெட்டியைப் போட்டு, ஒரு முறை 'சிக்யூ' என்று அழைத்துப் பார்த்தால்தான் தெரியும். கோய்டரும் 1924-ல் அதைத்தான் செய்தார். பதில் வரும் என்று அவருக்கும் அன்று யாரும் உறுதி சொல்லியிருக்கவில்லை.